பௌர்ணமிக் கார்டு

பிப்ரவரி 14

அன்புள்ள சிட்டுவுக்கு,

அப்பா எழுதுவது. நீ எழுதிய நான்கு வரியும் கிடைத்தது. "அம்மாவின் மூன்று கார்டுகளையும் தபாலில் அனுப்பவும். போன் செய்ய வேண்டாம்" என்று இரண்டு வரி. மற்ற இரண்டு வரி முகவரி. அம்மா போன பிறகு, ஐந்து மாதம் கழித்து மகளிடமிருந்து வருகிற கடிதம் என்று ஏழு தடவை படித்தேன். முகவரியைக்கூட விடவில்லை. 'தையல் கடைக்கு மேல் மாடி' என்று போட்டிருக்கிறாய். படி செங்குத்தாக இருக்குமோ, கைப்பிடி ஆடுமோ என்று லிஃப்ட் மெக்கானிக்குக்குத் தோன்றுவதெல்லாம் எனக்குத் தோன்றியது.

போன் செய்ய மாட்டேன். அன்றைக்கு ஆஸ்பத்திரி வராந்தாவில் நீ சொன்னாய், "இனிமே உங்க குரலே என் காதுல விழக் கூடாது. ஏதாவது சொல்லணும்னா எழுதுங்க" என்று. எட்டாம் வகுப்போடு பேனாவை மூடி வைத்தவனை எழுதச் சொன்னது பெரிய தண்டனைதான். என் எழுத்து நான் பழுது பார்த்த லிஃப்ட் மாதிரி. நினைத்த இடத்தில் நிற்காது. பொறுத்துக்கொள்.

கார்டுகள் சமையலறை அலமாரிக் கதவின் உள்பக்கம் தொங்குகின்றன. மெஷின் ரூமில் தொங்குவது போலவே, கயிறு கட்டி, ஆணியில். மஞ்சள் அட்டை, நான்கு கட்டம்: தேதி, கண்டது, செய்தது, மேற்பார்வையாளர் கையொப்பம். மிச்சமான சர்வீஸ் கார்டுகளை நான் வீட்டுக்குக் கொண்டுவந்து போடுவதும், உன் அம்மா அதில் பால் வராத நாளிலிருந்து நீ காய்ச்சலில் படுத்த நாள் வரை எழுதி வைப்பதும் உனக்குத் தெரிந்த கதைதான். கடைசியில் நீ சொல்லிக்கொடுத்த நிலா யோகாவையும் அதில் ஏற்றிவிட்டாள். பௌர்ணமிக்கு ஒரு வரி.

ஒன்று சொல்கிறேன், சிரிக்காதே. சிரித்தாலும் எனக்குத் தெரியப்போவதில்லை. நானும் அதை ஆரம்பித்திருக்கிறேன். முந்தாநாள் பௌர்ணமி. சாயங்காலம் தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில் அம்மாவின் பாயை விரித்தேன். அர்த்த சந்திராசனம் என்று ஒன்று. ஒரு கை தரையில், ஒரு கால் பின்னால், இன்னொரு கை ஆகாயத்தில். 'சுவரில் சாய்ந்து நிற்கலாம்' என்று கார்டில் எழுதியிருக்கிறாள். சுவர் நின்றது. நான் நிற்கவில்லை.

பிறகு இடது மூக்கால் மட்டும் மூச்சு இழுக்க வேண்டுமாம். அது சந்திரனின் வழியாம், பெண்ணின் குளிர்ச்சி அதில்தான் உள்ளே வருமாம். என் இடது மூக்கு சின்ன வயதிலிருந்தே அடைப்பு. எனக்குள் பெண் குணம் வர வழியே இல்லை என்று தெரிந்துகொண்டேன். உன் அம்மா இருந்திருந்தால், "அதைக் கண்டுபிடிக்க மூக்கைப் பொத்தணுமாக்கும்?" என்று கேட்டிருப்பாள்.

கேட்க ஆளில்லை. பாயைச் சுருட்டிக்கொண்டு இறங்கிவிட்டேன்.

கார்டுகளை அனுப்புகிறேன். கொஞ்சம் பொறு.

அப்பா

பிப்ரவரி 21

அப்பாவுக்கு,

நான் கேட்டது கார்டுகளை. வேடிக்கைக் கதைகளை அல்ல.

எதற்காக உங்கள் குரலைக் கேட்க முடியவில்லை என்று நீங்கள் இதுவரை ஒரு தடவைகூடக் கேட்கவில்லை. நானே சொல்லிவிடுகிறேன். அன்று டாக்டர், "எத்தனை நாளா ரத்தப்போக்கு இருக்கும்மா?" என்று அம்மாவைத்தான் கேட்டார். அம்மா வாயைத் திறப்பதற்குள் நீங்கள் சொன்னீர்கள்: "முப்பத்தெட்டு வருஷமா டாக்டர். அவ குடிச்ச என் ரத்தம்தான் இப்ப வெளிய வருது." டாக்டர் சிரிக்கவில்லை. நர்ஸ் சிரிக்கவில்லை. அம்மா சிரித்தாள், வயிற்றைப் பிடித்துக்கொண்டு. சிரித்து முடித்த பிறகு அந்தக் கேள்விக்கு அவள் பதில் சொல்லவே இல்லை. டாக்டரும் அடுத்த கேள்விக்குப் போய்விட்டார்.

அந்தப் பதில் மூன்றாவது கார்டில் இருக்கும் என்று நினைக்கிறேன். அது எனக்கு வேண்டும். அம்மாவின் புடவை, வளையல் எதையும் நான் கேட்கவில்லை. இது ஒன்றுதான்.

பௌர்ணமியன்று யாரும் தொடங்கக் கூடாது. அன்று உடம்பு பொங்கி நிற்கும், நிலை தவறும். அமாவாசையில் ஓய்வு. அதற்கு மறுநாள் தொடங்குங்கள். தரையில் ஊன்றும் கைக்கு அடியில் ஒரு செங்கல் வையுங்கள். முதலில் முழங்காலை மடக்கியே நில்லுங்கள். மூக்கு அடைத்திருந்தால் அழுத்த வேண்டாம், மூச்சு அந்த வழியாகப் போவதாக நினைத்துக்கொண்டால் போதும்.

உங்கள் மேல் அக்கறையில் எழுதுவதாக எண்ண வேண்டாம். அம்மாவின் பாய் கிழியக் கூடாது, அவ்வளவுதான்.

மார்ச் 3

அன்புள்ள சிட்டுவுக்கு,

செங்கல் வைத்தேன். நின்றேன். ஐந்து மூச்சு. ஐந்தாவது மூச்சு மூச்சா முனகலா என்று தெரியவில்லை, கணக்கில் சேர்த்துக்கொண்டேன். பாய்க்கு ஒரு கீறலும் இல்லை.

நீ எழுதியதற்குப் பதில் எழுத நான்கு தாளைக் கிழித்தேன். ஐந்தாவது இது.

அன்றைக்கு நான் சொன்னது எனக்கு மறக்கவில்லை. சொல்லி முடிப்பதற்குள்ளேயே என் நாக்கைக் கடிக்கத் தோன்றியது. பயம் வந்தால் சிலருக்கு வியர்க்கும், சிலருக்குக் கை நடுங்கும். எனக்கு ஜோக் வரும். ஒரு தடவை ஆறு பேரோடு லிஃப்டில் மாட்டிக்கொண்டேன், இரண்டு மாடிக்கு நடுவில். ஒன்றரை மணி நேரம் அவர்களைச் சிரிக்க வைத்துக்கொண்டே இருந்தேன். வெளியே வந்ததும், "உங்களுக்கு எவ்வளவு தைரியம்!" என்று ஒரு அம்மாள் கையைப் பிடித்துக்கொண்டார். எனக்குத்தான் தெரியும், மேலே பிரேக் பிடிக்குமா என்று சந்தேகம் இருந்தது எனக்கு மட்டும்தான். ஆஸ்பத்திரியிலும் அதுதான். டாக்டர் முகத்தைப் பார்த்தேன். விஷயம் கைமீறிவிட்டது என்று தெரிந்துபோயிற்று. வாய் தானாகத் திறந்துகொண்டது.

இது மன்னிப்புக் கேட்பதற்காக எழுதுவதல்ல. பழுதின் காரணம் எழுது என்று கார்டில் கேட்பார்கள் அல்லவா, அந்த மாதிரி.

இரண்டு கார்டுகளை இத்துடன் வைத்திருக்கிறேன். முதல் வருடம், இரண்டாம் வருடம். நான்காவது கட்டத்தில் என் கையெழுத்தைப் பார்த்து நீ ஆச்சரியப்படலாம். அது எங்கள் விளையாட்டு. நான் மேற்பார்வையாளராகப் பதவி உயர்ந்த வருடம், "ஊருக்கெல்லாம் கையெழுத்துப் போடறீங்க, எனக்கு யாரு போடுவா?" என்று ஆரம்பித்தாள். ஒவ்வொரு பௌர்ணமிக்கும் மறுநாள், நான் வேலைக்குக் கிளம்பும்போது கார்டை நீட்டுவாள். "சூப்பர்வைசர் ஐயா, கையெழுத்து." மேசை தேடாமல் அவளைக் குனிய வைத்து, அவள் முதுகிலேயே கார்டை வைத்துப் போடுவேன். "கூசுது, சீக்கிரம் போடுங்க" என்பாள். வேண்டுமென்றே பேரை முழுசாக எழுதுவேன்.

மூன்றாவது கார்டைத் தேடுகிறேன். ஆணி இருக்கிறது, கயிறு இருக்கிறது, கார்டைக் காணவில்லை. எலி இழுத்துக்கொண்டு போயிருக்கும் என்று நினைக்கிறேன். சமையலறையில் எலி நடமாட்டம் இருக்கிறது.

அப்பா

மார்ச் 16

அப்பாவுக்கு,

கார்டுகள் வந்தன. உறையைப் பிரிக்கும்போதே சமையலறை வாசனை வந்தது. அன்று முழுக்க வேறு வேலை ஓடவில்லை.

முதல் வருடம், மூன்றாவது வரி. கண்டது: மேகம், நிலா தெரியவில்லை. செய்தது: தெரியாவிட்டாலும் இருக்கிறது என்று நினைத்துச் செய்தேன். ஏழாவது வரி. கண்டது: இவர் சாயங்காலமே குறட்டை. செய்தது: மாடிக்குப் போய்விட்டேன். அதற்கும் நீங்கள் கையெழுத்துப் போட்டிருக்கிறீர்கள்.

என் வகுப்பில் முதல் நாள் ஒன்று சொல்வேன். சூரிய நமஸ்காரம் எழுந்து நிற்கக் கற்றுக்கொடுக்கிறது, சந்திர நமஸ்காரம் இறங்கக் கற்றுக்கொடுக்கிறது. நிலா எல்லா நாளும் முழுசாக இருப்பதில்லை. பெண்ணும் எல்லா நாளும் முழுசாக இருக்க வேண்டியதில்லை. தேய்வதும் அவள் சக்திதான். இதைக் கேட்டதும் சில பெண்கள் அழுதுவிடுவார்கள். வீட்டில் யாரும் அவர்களிடம் சொல்லாத வார்த்தை. அம்மாவும் போனில் இதைக் கேட்டாள். பிறகு, "அப்ப நான் சோம்பேறி இல்லடி, தேய்பிறை" என்றாள்.

நம் வீட்டில் எலி கிடையாது. அம்மா இருந்தவரை ஒரு கரப்பான்பூச்சிகூடக் கிடையாது. பொய் சொல்வதென்றால் கொஞ்சம் மெனக்கெட்டுச் சொல்லுங்கள். அந்தக் கார்டில் அம்மா படிப்படியாக நோயாளியாவதும், நீங்கள் பார்த்துக்கொண்டே கையெழுத்துப் போட்டதும் இருக்கும். அதனால்தானே ஒளிக்கிறீர்கள்? அதைப் பார்க்காமல் என்னால் உங்களிடம் திரும்பி வர முடியாது. பார்த்த பிறகும் முடியுமா என்று தெரியாது. இப்போதைக்கு அதுதான் உண்மை.

இரண்டு வாரமாக வகுப்பை நிறுத்தி வைத்திருக்கிறேன். பெரிதாக ஒன்றுமில்லை, களைப்பு. மூன்று மாதமாகத் தேதிகள் தப்பித் தப்பி வருகின்றன, நடுவிலும் கொஞ்சம் படுகிறது. அம்மா போன துக்கத்தில் உடம்பு தன் தாளத்தைத் தேடிக்கொண்டிருக்கிறது. தானாகவே சரியாகிவிடும். இதை உங்களுக்கு எழுதுவேன் என்று நினைக்கவில்லை. எழுதியதை அடித்தால் அசிங்கமாகத் தெரியும், விட்டுவிடுகிறேன்.

கார்டை அனுப்புங்கள்.

மார்ச் 20

சிட்டு,

உன் கடிதம் இன்று காலை வந்தது. உடனே எழுதுகிறேன்.

ஒரு விஷயம் சொல்கிறேன். ஒரு ஆபீஸ் கட்டடத்தில் லிஃப்ட் ஐந்தாவது மாடியைத் தாண்டும்போது ஒரு முனகல் சத்தம் வரும். வரும், போகும். நான் போய் நின்றால் வராது. கார்டில் 'சத்தம் இல்லை, சரியாக உள்ளது' என்று எழுதிவிட்டு வருவேன். ஒரு மாதம் சத்தமே இல்லை. தானாகச் சரியாகிவிட்டது என்று காவலாளியும் சொன்னார், நானும் தலையாட்டினேன். எதற்கோ மேலே திறந்து பார்த்தபோது பேரிங் தூளாகிக் கிடந்தது. சத்தம் போட அதில் ஒன்றும் மிச்சமில்லை, அதனால்தான் சத்தம் நின்றிருந்தது. அன்றிலிருந்து எனக்குக் கீழே வேலை பார்த்த எல்லோரிடமும் படித்துப் படித்துச் சொன்னேன். விட்டு விட்டு வருகிற சத்தத்தை நம்பாதே, மெஷினை நிறுத்து, திறந்து பார்.

எல்லோரிடமும் சொன்னேன். வீட்டில் சொல்லவில்லை.

எத்தனை மாதமாக? மாதத்தில் எத்தனை நாள்? யாரிடம் காட்டினாய்? அப்பா கேட்கக் கூடாத கேள்வி என்று எனக்கும் தெரியும். நீ திட்டி எழுது. திட்டுக்கு நடுவில் பதிலையும் எழுது.

அப்பா

ஏப்ரல் 1

அப்பா,

அம்மாவிடம் கேட்க வேண்டிய மூன்று கேள்விகளை என்னிடம் கேட்டிருக்கிறீர்கள். அவளிடம் ஒன்றையாவது கேட்டிருக்கலாம்.

இதோடு நிறுத்திக்கொள்ளத்தான் நினைத்தேன். உறையில் போட்டு ஒட்டியும் விட்டேன். பிறகு பிரித்தேன்.

அம்மாவிடம் நீங்கள் கேட்கவில்லை. ஆனால் அம்மா என்னிடம் கேட்டாள். போன வருடத்துக்கு முந்தின வருடக் கடைசியில் ஒரு நாள் போன் செய்தாள். வகுப்புக்கு நேரமாகிவிட்டது, செருப்பைப் போட்டுக்கொண்டே பேசினேன். "ஏண்டி, நின்னு நாலஞ்சு வருஷம் ஆச்சு. இப்ப மறுபடி கொஞ்சம் படுது. அந்த ஆசனம் செய்யறதால இருக்குமோ?" என்றாள். நான் சிரித்தேன். "நல்லதுதாம்மா. உனக்குள்ள இருக்கற சந்திர சக்தி திரும்பி முழிச்சிருக்கு. பயப்படாதே" என்றேன். "அப்படியா?" என்று சந்தோஷப்பட்டாள். சின்னப் பெண் மாதிரி சந்தோஷப்பட்டாள் அப்பா. அதற்குப் பிறகும் மூன்று தடவையோ நான்கு தடவையோ கேட்டாள். ஒவ்வொரு தடவையும் அதையே வேறு வேறு வார்த்தையில் சொன்னேன். அழகான வார்த்தைகள் எனக்கு நிறையத் தெரியும்.

ஆஸ்பத்திரியில் உங்கள் ஜோக் என் காதில் விழுந்தபோது, ஒரு நொடி, எனக்கு நிம்மதியாக இருந்தது. அம்மா பதில் சொல்லாமல் போனது எனக்கு நல்லதாகப் போயிற்று. சொல்லியிருந்தால், "மகள் நல்லதுதான்னு சொன்னா டாக்டர்" என்று சொல்லியிருப்பாள். அந்த நிம்மதியைத் தாங்க முடியாமல்தான் உங்கள் மேல் பாய்ந்தேன் என்று இப்போது தோன்றுகிறது.

கார்டை நான் கேட்டது உங்கள் தப்பைப் பார்க்க இல்லை. அதில் என் பேச்சு இருக்கிறதா என்று பார்க்கத்தான்.

இருக்கிறதா?

ஏப்ரல் 5

என் சிட்டுவுக்கு,

இருக்கிறது.

எலி இல்லை. கார்டு என் சட்டைகளுக்கு அடியில் இருந்தது. அம்மா போன ஒன்பதாம் நாள் படித்தேன். அதுவரை படித்ததில்லை. மூன்று வருடமாக மாதா மாதம் அவள் முதுகில் வைத்துக் கையெழுத்துப் போட்ட ஒன்றை, முதல் முறையாக அன்றைக்குத்தான் படித்தேன்.

நீ முதலில் கேட்டபோதே அனுப்பியிருப்பேன். மூன்றாவது கட்டத்தில் நீ வருகிறாய். நான்கு இடத்தில். உன்னிடமிருந்து அதை மறைத்தால் நீ என்னை வெறுத்துக்கொண்டாவது தெம்பாக இருப்பாய் என்று கணக்குப் போட்டேன். ஒருநாள் கத்திரிக்கோலை எடுத்து உன் வரிகளை மட்டும் வெட்டிவிடலாம் என்றுகூட உட்கார்ந்தேன். அந்தக் கட்டத்தை வெட்டினால் அடுத்த கட்டமும் சேர்ந்து கீழே விழுகிறது. என் கையெழுத்து. அதை மறைக்க எனக்கு உரிமையில்லை என்று கத்திரியை வைத்துவிட்டேன்.

அப்படியே உன்னிடம் சொல்லாமலே செத்துப்போயிருப்பேன். ஆனால் போன மாதம் நீ எழுதினாயே, 'களைப்பு, நடுவிலும் கொஞ்சம் படுகிறது, தானாகவே சரியாகிவிடும்' என்று. ஐந்தாவது வரியைப் பார். உன் அம்மா அதையேதான் எழுதியிருக்கிறாள். நீ இந்தக் கார்டைப் பார்க்காமலே அதே வார்த்தைகளை எழுதியிருந்தாய். தபால்காரர் போன பிறகு வாசற்படியிலேயே உட்கார்ந்துவிட்டேன்.

கார்டை வைத்திருக்கிறேன். நீ தனியாகப் படிக்கப்போகிறாய், அதனால் என்ன இருக்கிறது என்று முன்னாலேயே சொல்லிவிடுகிறேன். திடீரென்று கண்ணில் படக் கூடாது.

முதல் வரி. கண்டது: ஐந்து வருடம் கழித்துக் கொஞ்சம் ரத்தம். செய்தது: மகளிடம் கேட்டேன், நல்லதுதானாம். கையெழுத்து.

ஐந்தாவது வரி. கண்டது: களைப்பு, நடுவில் படுகிறது. செய்தது: தானாகச் சரியாகும், அமாவாசைக்கு ஓய்வெடுத்தேன். கையெழுத்து.

எட்டாவது வரி. கண்டது: நான்கு துணி. இவர் பார்த்துவிட்டு "என்ன, குமரி ஆயிட்டியா?" என்று கேட்டார். செய்தது: சிரித்தேன். கையெழுத்து.

பதினோராவது வரி. கண்டது: நிற்க முடியாத வலி. செய்தது: இன்னும் யாரிடமும் சொல்லவில்லை. அதற்கும் கையெழுத்து. பேரை முழுசாக எழுதியிருக்கிறேன்.

பன்னிரண்டாவது வரி காலி. அப்போது ஆஸ்பத்திரியில் இருந்தாள்.

யாரிடமும் சொல்லவில்லை என்று எழுதி, அதை என்னிடமே நீட்டியிருக்கிறாள் சிட்டு. அதைவிட எப்படிச் சொல்வாள்? 'உடம்பு பேசுவதைக் கேளுங்கள்' என்று உன் வகுப்பில் சொல்வாய் என்று அம்மா ஒரு தடவை சொன்னாள். அவள் கேட்டிருக்கிறாள். ஒரு மாதம்கூட விடாமல் கேட்டு, எழுதி, நீட்டியிருக்கிறாள். நீ வேறு ஊரில் இருந்தாய், செருப்பைப் போட்டுக்கொண்டிருந்தாய். நான் அவள் முதுகுக்குப் பின்னால் நின்றுகொண்டிருந்தேன். நீ நான்கு வரி. நான் பதினொன்று. பங்கு பிரிக்க வேண்டும் என்று உனக்குத் தோன்றினால் அப்படிப் பிரித்துக்கொள்.

உன் நிலாவின் மேல் எனக்குக் கோபம் இல்லை. அந்த மூன்று வருடம் அவளுக்கென்று மாதத்தில் ஒரு சாயங்காலம் இருந்தது. அதற்கு முன்னால் முப்பத்தைந்து வருடம் அப்படி ஒன்று இருந்ததாக எனக்கு ஞாபகம் இல்லை. அதைக் கொடுத்தவள் நீ.

இன்னொரு கார்டும் உள்ளே இருக்கிறது. புதுசு. ஒன்றும் எழுதாதது. அதில் நீ எழுது. இந்தத் தடவை படித்துவிட்டுத்தான் போடுவேன்.

அப்பா

ஏப்ரல் 17

அப்பா,

பத்து நாளாக மூன்றாவது கார்டு தலையணைக்கு அடியில் இருக்கிறது. தினமும் எடுப்பேன், பதினோராவது வரி வரை போவேன், வைத்துவிடுவேன். உங்கள் கையெழுத்து அந்த வரியில் மட்டும் கொஞ்சம் கோணலாக இருக்கிறது. அம்மா குனிய முடியாமல் அசைந்திருப்பாள். நீங்கள் கவனித்தீர்களா?

பௌர்ணமி வந்து போயிற்று. நான் பாயை விரிக்கவில்லை. ஜன்னலில் நின்று பார்த்தேன், அவ்வளவுதான். அது பாட்டுக்கு வந்தது, அது பாட்டுக்குப் போயிற்று. அதற்கு நம்மைப் பற்றி ஒன்றும் தெரியாது. அதன் தலையில் நான்தான் என்னென்னவோ ஏற்றி வைத்திருந்தேன்.

உங்களை மன்னித்துவிட்டேன் என்று எழுதிப் பார்த்தேன், பொய்யாகத் தெரிந்தது. என்னை நான் மன்னித்துவிட்டேன் என்று எழுதவே கை வரவில்லை. அதனால் கார்டில் மட்டும் எழுதியிருக்கிறேன்.

தேதி: ஏப்ரல் 16.

கண்டது: நான்கு மாதமாக நடுவில் ரத்தம். இந்த மாதம் ஒன்பது நாள். இடுப்பில் இடது பக்கம் வலி. பயம்.

செய்தது: டாக்டரிடம் போனேன். ஸ்கேனில் ஏதோ தெரிகிறதாம். சின்னத் துண்டு எடுத்துப் பார்த்தால்தான் சொல்ல முடியுமாம். 24, வியாழன், காலை பத்து மணி.

மேற்பார்வையாளர் கையொப்பம்:

படித்துவிட்டுப் போடுங்கள்.

சிட்டு

ஏப்ரல் 21

சிட்டு,

படித்தேன். கண்ணாடி போட்டுக்கொண்டு ஒரு தடவை, போடாமல் ஒரு தடவை. பிறகு வாய்விட்டு ஒரு தடவை, அம்மா படத்துக்கு முன்னால்.

கையெழுத்துப் போடவில்லை. எங்கள் வேலையில் ஒரு விதி உண்டு. மேற்பார்வையாளர் மெஷினுக்குப் பக்கத்தில் நின்று, தன் கண்ணால் பார்த்துவிட்டுத்தான் போட வேண்டும். எனக்கு மேலே இருந்தவர்களும் நானும் அதை ஒருநாளும் மதித்ததில்லை. எல்லாம் போகிற போக்கில் போட்டவைதான். இதை மட்டும் விதிப்படி போடுகிறேன்.

புதன்கிழமை காலை பஸ் ஏறுகிறேன். இந்தக் கடிதம் முந்துமா, நான் முந்துவேனா, தெரியாது. நான் முந்தினால், உன் மாடிப்படிக் கைப்பிடியை ஆட்டிப் பார்த்துக்கொண்டு கீழே நிற்பேன். நீ என்னோடு பேச வேண்டாம். உன்னால் எப்போது முடிகிறதோ அப்போது பேசு. துணிப்பையில் இரண்டு வேட்டி, அம்மாவின் பாய், உன் கார்டு, ஒரு பேனா. வேறொன்றும் எடுத்துக்கொள்ளவில்லை.

வியாழக்கிழமை அந்த டாக்டரும் கேட்பார், எத்தனை நாளாக என்று. நீ சொல். முழுசாகச் சொல், ஒரு நாளைக்கூட விடாதே. நீ சொல்லி முடிக்கும் வரை நான் வாயைத் திறக்க மாட்டேன். பயம் வந்தால் எனக்கு என்ன வரும் என்று உனக்குத் தெரியும். வந்தால், இடது மூக்கால் மூச்சை இழுத்துக்கொண்டு பேசாமல் உட்கார்ந்திருப்பேன்.

அடைப்பு கொஞ்சம் விட்டிருக்கிறது.

அப்பா